நாலு பாத்தி செலரி

"குளிருக்கு முன்னாடி புது அடுப்பு வேணும். இல்லேன்னா இந்தப் பள்ளிக்கூடத்த நான் திறக்க மாட்டேன்."

காரும் கரண்டும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களிடம் டீச்சர் எதையும் கேட்கக்கூடாது, கொடுத்ததை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று சேர்ந்த அன்றே வெர்னாவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரே அறை, எட்டு வகுப்பு, இருபத்தெட்டுப் பிள்ளைகள். அறையைச் சூடாக்கும் அடுப்பின் புகை குழாய் வழியே போகாமல் பிள்ளைகளின் மூக்கு வழியே போய்க்கொண்டிருந்தது.

கமிட்டித் தலைவர் எஸ்ரா தாடியைத் தடவினார். "போகப்போற பொண்ணுக்கு எதுக்கும்மா அடுப்பு?"

"நான் எங்க போறேன்?"

"உங்க தோட்டத்துல நாலு பாத்தி செலரி நிக்குதே! கல்யாண விருந்துக்கில்லாம அவ்வளவு யாரு போடுவா? உங்கம்மா போனப்புறம் வீட்டுல இருக்கறது நீயும் உங்கப்பனும்தான். கல்யாணமானவ டீச்சரா இருக்க முடியாது. அதான் என் தங்கச்சி சலோமிய வரச் சொல்லிட்டேன்."

மூலையில் நின்றிருந்த நாற்பது வயதுச் சலோமி சட்டென்று திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கும்வரை கல்யாணம் ரகசியம். செலரியைப் பற்றி மூச்சு விடாதே என்று அப்பா வேறு சொல்லியிருந்தார்.

"அது... சூப்புக்கு."

"முந்நூறு செடியா? குளத்துலயா சூப்பு வைக்கிற?"

"அப்பாவுக்குப் பச்சையாக் கடிச்சுத் தின்னப் பிடிக்கும்."

கமிட்டிக்காரர் மென்னோ சிரித்தார். "உங்கப்பன் வாயில பல்லே நாலுதான!"

"ஆறு," என்றாள் சலோமி, பலகையைப் பார்த்தபடி.

யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

"எனக்குக் கல்யாணமே இல்ல!"

"இப்படிக் கத்துனா கட்டாயம் கல்யாணம்தான்," என்றார் மென்னோ. "எம்பொண்ணும் இப்படித்தான் கத்துனா. இப்ப மூணு புள்ள."

வெர்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்குக் கல்யாணம்னா புள்ளைங்க இருமுறது நின்னுடுமா? அடுப்பு உண்டா, இல்லையா?"

"இல்ல. சலோமி பழசையே வச்சு அனுசரிச்சுக்குவா. வாயில்லாப் பொண்ணு."

வெர்னா சாவியை மேசைமேல் வைத்தாள். இங்கே அடுப்பு கிடைக்காவிட்டால் அங்கே வருகிறேன் என்று ஓடைக்கு அந்தப்புறப் பள்ளிக்கூடத்தில் காலையிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"இருமுற புள்ளைங்கள அங்க அனுப்புங்க. அங்க அடுப்பு புதுசு."

தொப்பி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வண்டிக்குதிரையின் கட்டை அவிழ்க்கும்போது, எஸ்ரா சாவியைத் தங்கையிடம் நீட்டுவது ஜன்னலில் தெரிந்தது.

"எங்கிட்ட நீட்டாதீங்கண்ணே," என்றாள் வாயில்லாப் பொண்ணு, ஓடைவரை கேட்கும்படி. "அந்தச் செலரிய அவங்கப்பா எனக்காகத்தான் போட்டாரு."