பழையபடம் சாமியின் நாலு நிமிஷம்

ஒரே ஒரு நாலு நிமிஷத்தைப் பற்றி நாற்பது வருஷம் பேசிய மனிதர் பழையபடம் சாமியைத் தவிர இந்தப் பூமியில் வேறு யாரும் கிடையாது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார். திருவனந்தபுரத்தில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் அவர் எனக்கு அடுத்த நாற்காலி. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆபீஸ், பிலிம் சொசைட்டி, ஸ்ரீவராகத்தில் அவர் குடியிருந்த தெரு, எங்கே கேட்டாலும் பழையபடம் சாமி என்றால்தான் ஆளைக் காட்டுவார்கள்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு விஞ்ஞான நாவல் ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பழைய படக் கட்சி, புதுப் படக் கட்சி என்று இரண்டு தரப்பும் கடிதம் எழுதி ஆசிரியரின் உயிரை வாங்கும். ஏழு பேர் ஒரு விண்கலத்தில் வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். கேப்டன் மட்டும் விழித்திருக்கிறான், மற்ற ஆறு பேரும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தூங்குகிறார்கள். பாதி வழியில் காற்று போதாமல் ஆகிறது. ஒரு பெட்டிக்குப் போகும் காற்றை நிறுத்தினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். ஏற்கெனவே பழுதாகியிருப்பது ஒரே ஒரு பெட்டி. அதில் தூங்குகிறவள் கேப்டனின் மனைவி.

இதை இரண்டு தடவை படமாக எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் வந்த பழைய படத்தில் கேப்டன் தன் கையாலேயே சுவிட்சை அணைக்கிறான். கேமரா நாலு நிமிஷம் அந்தக் கையை விட்டு நகராது. இசை இல்லை, பேச்சு இல்லை, கை மட்டும்தான். பல வருஷம் கழித்துக் கலரில் வந்த புதுப் படத்தில், விண்கலத்தின் கம்ப்யூட்டரே முடிவெடுத்துக் காற்றை நிறுத்திவிடுகிறது. கேப்டன் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கதறுகிறான். ஐம்பது வயலின்கள் கூடச் சேர்ந்து கதறுகின்றன.

சாமி பழைய படத்தைப் பார்த்தது, கல்யாணமான புதிதில், பிலிம் சொசைட்டியில். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தப் பைத்தியம். ஆபீஸில் புதிதாக யார் சேர்ந்தாலும், அவர்களுடைய ஊர் பெயர் கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால்தான் செக்‌ஷனின் மூன்று மின்விசிறிகளுக்கும் சுவிட்ச். எழுந்து போய் அதன் மேல் கையை வைப்பார்.

"இது காத்து, கேட்டேரா? இதை நிறுத்தினா அவ போயிடுவா. நிறுத்தல்லேன்னா எல்லாரும் போயிடுவா. இப்போ இந்தக் கையைப் பாரும்."

பட்டென்று மூன்று விசிறியும் நிற்கும். அதற்கப்புறம் நாலு நிமிஷம், கடிகாரம் பார்த்து, கை நகராது. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் பதினாறு பேர் வியர்வை வழிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "சாமீ, மனுஷன் வேர்த்துக் குளிச்சல்லோ!" என்று செக்‌ஷன் ஆபீஸர் அம்மா அலறுவார். ஒரு தடவை தணிக்கைக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் மின்வெட்டு என்று நினைத்து, ஃபைலால் விசிறியபடியே ஆய்வை முடித்துக்கொண்டு ஓடிவிட்டார். அந்த வருஷம் எங்கள் செக்‌ஷன் மேல் ஒரு குறையும் எழுதவில்லை. அதற்கு அப்புறம் சாமியைக் கண்டிக்க யாருக்கும் வாய் வரவில்லை.

அப்போது அவருக்கு 'நாலு நிமிஷம் சாமி' என்றுதான் பெயர். புதுப் படம் வந்த பிறகுதான் பழையபடம் சாமி ஆனார். ஊரின் கோட்டைப் பகுதியில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் தெரியாத்தனமாக "புதுசும் நன்னாத்தானே இருந்தது?" என்று கேட்டுவிட்டார். பாயசம் விட வந்த வரிசை நடுவில் நிற்க, சாமி தன் இலைக்கு மேல் கையை நீட்டினார். நாலு நிமிஷம். பின்னால் போளி, அப்பளம், மோர் எல்லாம் தேங்கிப்போய்விட்டது. கடைசிப் பந்தியில் பிள்ளை வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், புதுப் படத்தில் அந்தக் காட்சியைச் சாமி பார்த்ததே இல்லை. மனைவியோடு, அதாவது எங்கள் மாமியோடு, தியேட்டருக்குப் போனவர், கம்ப்யூட்டர் முடிவெடுக்கப்போகிறது என்று தெரிந்ததுமே எழுந்து வெளியேறி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டார். மாமி மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தையும் காலி செய்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது மாமி என்னிடம் தீர்ப்பு சொன்னார்.

"ஒருத்தன் கையை வச்சுண்டு நிக்கறான். இன்னொருத்தன் கதவைத் தட்டிண்டு நிக்கறான். உள்ள கிடக்கறவளைத் தட்டி எழுப்பி, உனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேருமே கேக்கல்லையே!"

"அவளை எழுப்பினா அப்புறம் கதை ஏது?" என்று சாமி சீறினார்.

"கதை போனா போறது" என்று சொல்லிவிட்டு மாமி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு என்னவோ புதுப் படம்தான் பிடித்திருந்தது. நான் நாகர்கோவில்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பிலிம் சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்து, "கை வராம வெளிய நின்னு அழுதவனும் மனுஷன்தானே?" என்று கேட்டுவிட்டேன். சாமி மைக்கைப் பிடுங்கி இருபது நிமிஷம் பதில் சொன்னார். மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமல் இன்னும் இருபது நிமிஷம் சொன்னார். மறுநாளிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. ஃபைல் மட்டும் வரும், அதில் ஒரு சீட்டு குத்தியிருக்கும்: 'கதவுக்கு வெளியே நின்று அழுபவர்களின் கவனத்துக்கு.' மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பிறகு அவரால் தாங்க முடியவில்லை, மறுபடியும் விசிறியை நிறுத்தி எனக்கு விளக்க ஆரம்பித்தார்.

இருவரும் ஓய்வு பெற்றோம். பார்ப்பதே குறைந்தது. வருஷா வருஷம் டிசம்பரில் சினிமா விழா வரிசையில் மட்டும் சந்திப்போம், விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும்.

போன டிசம்பரில் விழாவில் இரண்டு படத்தையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். காலையிலேயே வரிசையில் சாமி என் முன்னால் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நான் வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன்.

"என்ன சாமி, இன்னைக்காவது புதுசைக் கடைசி வரைக்கும் பாப்பீங்களா?"

"பாக்கறேன் ஓய். பாத்துட்டு வந்து சொல்லறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். சண்டைக்கு வரவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

வாசலில் விழாவின் அனுமதி அட்டை பார்க்கும் பெண் அவர் கழுத்தில் தொங்கியதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அங்கிளே, இது டெலிகேட் பாஸ் அல்லல்லோ! ஆஸ்பத்ரியிலே பைஸ்டாண்டர் பாஸ்!"

இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். அவருக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள், அதையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில்தான் மாட்ட வேண்டும். பின்னால் நின்ற கூட்டம், சாமி தமாஷ் செய்கிறார் என்று கைதட்டியது. நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த அட்டையில் மாமியின் பெயரும் அதற்குக் கீழே ஐ.சி.யூ. என்றும் எழுதியிருந்தது.

சாமி தியேட்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். "விழா பாஸை அவ கட்டில் பக்கத்து மேசையில வச்சுட்டு வந்திருக்கேன்."

"மாமிக்கு என்ன சாமி? எப்பத்திலேருந்து?"

"நுரையீரல் ஓய். இறுகிப் போயாச்சுன்னா. பதினேழு நாளாச்சு. மாஸ்க் வச்சிருக்கா. நீங்க பாக்காமலே திட்டறேள், போய் முழுசும் பாத்துட்டு வந்து சொல்லுங்கோன்னு அவதான் காலம்பற துரத்தி விட்டா."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"நாம சினிமாவைத் தவிர வேற என்னத்தைப் பேசியிருக்கோம்? எப்படித் தொடங்கறதுன்னு தெரியல்லை" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. பைஸ்டாண்டர் உடனே வர வேண்டுமாம். ஆட்டோ பிடித்துப் போனோம். வழியெல்லாம் அவர் அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இளம் பெண். மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னாள். மாஸ்க் இனிமேல் போதாது. தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்கலாம், ஆனால் வைத்தால் திரும்ப எடுக்க முடியும் என்று தனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்றால், மூச்சுத் திணறலின் வேதனை தெரியாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றாள்.

மாமிக்கு நினைவு நன்றாகவே இருந்தது. ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, பயந்துவிடுவாள் என்று சாமி முதல் நாளே டாக்டரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தார். நம் குடும்பங்களில் எல்லோரும் செய்வதுதான். படுத்திருக்கிறவரைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

சாமி பேனாவை வாங்கினார். தாளின் மேல் கையை வைத்தார். கை அப்படியே நின்றது. நான் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன், பார்த்திருக்கக் கூடாது. நாலு நிமிஷம் தாண்டியது. எட்டு ஆயிற்று. விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அவர் முகத்திலிருந்து வியர்வை தாளில் சொட்டியது.

"டாக்டரே, நீங்களே தீர்மானிச்சோளு. நான் வெளியில நிக்கறேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "புதுப் படக்காரன் சரியாத்தான் எடுத்திருக்கான் ஓய். கை வரமாட்டேங்கறது. நாற்பது வருஷம் நான் வாய் கிழியப் பேசினேனே!"

ஜெயித்துவிட்டோம் என்று அப்போது எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. அழுகைதான் வந்தது. ஆனால் மாமி டம்ளரை எடுத்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

"சாமி, மாமி அன்னைக்கு ஒண்ணு சொன்னாங்களே. ரெண்டு பேருமே அவகிட்ட கேக்கல்லேன்னு."

 சாமி பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஐ.சி.யூ.வுக்குள் ஒரு பைஸ்டாண்டரைத்தான் விடுவார்கள். காவலாளி அட்டையைப் பார்த்துக் கதவைத் திறந்தான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. சாமி குனிந்து மாமியின் காதருகில் ஏதோ சொன்னார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். மாமி மாஸ்க்குக்குள்ளிருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையை மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்தார். அதில் பயம் எதையும் நான் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து மேசையில் கிடந்த சினிமா விழா அட்டையைத் தடவி எடுத்துச் சாமியிடம் கொடுத்து, கதவைக் காட்டினார்.

வெளியே வந்த சாமி ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார்.

"கேட்டேன் ஓய். குழாய் வேண்டாம்னுட்டா. ரெண்டாவது படத்துக்கு இன்னும் நேரமிருக்காம், போகச் சொல்லறா."

அவர் போகவில்லை. மறுநாள் மத்தியானம் மாமி போகும்வரை கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புதுப் படத்தின் முடிவை இன்றுவரை அவர் பார்க்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் ஸ்ரீவராகத்துக்குப் போகிறேன். சாமி எல்லாம் பேசுகிறார், கோவில் குளத்துப் பாசி, சாலைக் கடைத்தெருவில் வெல்லம் கிடைக்கிற இடம், முட்டுவலி. சினிமா மட்டும் இல்லை. பழைய படம் படு மட்டம் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "ஆயிருக்கும்" என்றார்.

போன வாரம் நல்ல புழுக்கம். விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"சாமி, அந்தக் கை சீனை ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

அவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"வேண்டாம் ஓய். உமக்கு வேர்க்கும்."

இத்தனை வருஷத்தில் என் வியர்வையைப் பற்றி அவர் கவலைப்பட்டது அன்றுதான்.

"வேர்க்கட்டும் சாமி" என்றேன்.