ஏசித் தண்ணீரில் ஒரு நடவு

அரசாங்கத்துக்குப் பணம் கட்ட முடியவில்லையே என்று அழுத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வளைகுடாவில் என் தலைக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தார். குடவாசல் பக்கத்து ஆள். அறையில் பன்னிரண்டு பேரும் அவரைச் ‘சந்தா’ என்றுதான் கூப்பிட்டோம்.

ஊரில் வயல் கூலியாக இருந்தபோது ஓய்வூதியத்துக்கு ஏழு வருஷம் சந்தா கட்டியிருந்தார். விமானம் ஏறியதும் விட்டுப்போயிற்று. சிமெண்ட் மூட்டை தூக்கும்போதும் அதே பேச்சு.

“எதுக்குண்ணே இந்த வெறி? கெடைக்கிறது டீச்செலவுக்குக் காணாது.”

“எங்கப்பா கூலி ஒசத்திக் கேட்டுக் கொடி புடிச்சவரு. அடிபட்டுச் செத்தாரு. அப்படி ஒருத்தர் இருந்தாருன்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. என் பேரு ஒரு ரிஜிஸ்டர்ல ஏறியிருக்கு தம்பி. சந்தா கட்டலன்னா அந்தப் பேர அடிச்சிருவாங்க.”

மூன்றாம் வருஷம் அவர் மனைவி போனில் சேதி சொன்னார். வெளிநாட்டில் இருந்தாலும் விட்ட சந்தாவைத் தொடரலாமாம். ஆனால் இன்னமும் வயல் வேலைதான் செய்கிறார் என்பதற்குப் போட்டோ வேண்டுமாம். இந்த விதியை எழுதியவர் எந்த வரப்பில் உட்கார்ந்து எழுதினாரோ.

“ஊர்ல வேற ஆளக் குனிய வச்சு எடுக்கச் சொல்லுங்கண்ணே. மொகமா தெரியப்போவுது?”

“கவர்மெண்ட் காகிதத்துல பொய் ஆவாது. வயலு எங்க இருக்குன்னு அவன் கேக்கல, பாத்தியா?”

அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த பருப்புப்பொடி டப்பாவுக்குள் ஒரு பொட்டலம் விதைநெல் இருந்தது. எங்கிருந்தோ மண் சுமந்து வந்தார். ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குச் சற்றுத் தள்ளிப் பாய் அகலத்துக்கு ஒரு வயல், நாலு பக்கமும் வரப்பு. இன்னொரு வாளியில் நாற்று விட்டுப் பறித்து, முறைப்படி பின்னால் நகர்ந்துகொண்டே நட்டார். இரண்டாவது அடியில் கக்கூஸ் சுவர் முதுகில் இடித்தது.

கேம்ப் மேஸ்திரி வந்து நின்றார். “இது கம்பெனி இடம்.”

“குத்தகைப் பதிவு கேக்கல சார். ஒரு போட்டோ, அவ்வளவுதான்.”

மேஸ்திரி சிரிக்காமல் திரும்பிப் போனார். கம்பெனிக்கும் நில உச்சவரம்பு பயம் இருந்திருக்கும்.

நான்தான் படம் எடுத்தேன். தலையில் துண்டு, மடித்துக் கட்டிய கைலி, கையில் ஒரு முதல் நாற்று. லீவில் ஊருக்குப் போனவனிடம் கொடுத்தனுப்பினோம். பதில் போனில் வந்தது. அலுவலகத்தில் அவர் மனைவியிடம் சொன்னார்களாம்: “பின்னாடி ஏசி தெரியுதேம்மா. ஏசி வச்சிருக்கிற கூலியாளுக்கு எதுக்கு ஓய்வூதியம்?” பெயரையும் அடித்துவிட்டார்கள்.

“எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்குண்ணே. ஏசிய வெட்டிட்டு அனுப்பலாம்.”

“இருந்தத இல்லன்னு காட்டணுமா? வேணாம்டா.”

மேலேறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டில் குலுங்கியது. மறுநாளும் இறங்கி வந்து வயலைப் பார்க்கவில்லை. தண்ணீர் இல்லாமல் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

சேற்றில் கால் வைக்கக் கூடாது என்றே எட்டாவதோடு மன்னார்குடியை விட்டு ஓடியவன் நான். ஏசிக்கு அடியில் நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “வரப்பு ஒடையாம ஊத்துடா.”