மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று ஹாக்கி கன்னிகா எழுதியது

கிரீம்ஸ்பேட்டை,
சித்தூர்.

அன்புள்ள தம்பி வேதாச்சலத்துக்கு அக்கா கன்னிகா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நான் நலம். வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. அம்பத்தூரில் நீயும் கல்பனாவும் உங்கள் மகள் காவ்யாவும் சௌக்கியமாக இருக்கக் காணிப்பாக்கம் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நேற்று நீ போனில் கத்தியதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறந்ததும் நீ கட் செய்துவிட்டாய். கடிதத்தை அப்படிக் கட் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

நாராயணசாமியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாய். அவர் மாம்பழக் கூழ் தொழிற்சாலை முதலாளி, உனக்குச் சம்பந்தியாகப் போகிறவர். காவ்யாவை அவர் மகன் திலீப்புக்குக் கொடுப்பதாகப் பேசி, நிச்சயதார்த்தத்துக்கு நீ மண்டபம் தேடிக்கொண்டிருக்கிற வேளையில், பெண்ணின் அத்தை மைக்கைப் பிடுங்கி, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "இந்தப் பொன்னாடைய உன் கூழு பேரல் மேல போத்து" என்று சொன்னால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் நீ பார்த்தது யாரோ செல்போனில் எடுத்த ஒரு துண்டு வீடியோ. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் சொல்கிறேன். படித்துவிட்டு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீயே தீர்ப்புச் சொல். தீர்ப்பு எப்படி வந்தாலும் நான் கேட்கப் போவதில்லை என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

தியான் சந்த் பிறந்த நாளான ஆகஸ்ட் இருபத்தொன்பதுதான் தேசிய விளையாட்டு தினம் என்பது உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். அதற்கு ஒரு வாரம் முன்னால் நாராயணசாமி தேங்காய் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். "மூணு தலைமொற ஹாக்கி ஸ்டாருங்களுக்கு மரியாத பண்றோம்மா. மொதல்ல தியான் சந்த் படம், ரெண்டாவது நீங்க, மூணாவது நம்ம புத்தூர் பொண்ணு சுஷ்மிதா. நீங்க வராம இருந்தா எப்டி?" என்றார். தியான் சந்துக்கு அடுத்து நான்! நம்மைப் பெற்ற நைனா உயிரோடு இல்லையே என்று கண் கலங்கிவிட்டது. பெட்டியைக் குடைந்து, மாநில அணிக்கு ஆடியபோது கொடுத்த நீலக் கோட்டை எடுத்து வெயிலில் காயப் போட்டேன். பூச்சி அரித்த இடத்தைத் தைத்தேன். பொத்தான் சேரவில்லை. துணி சுருங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. சித்தூர் வெயிலில் பட்டுப் புடவை, அதன்மேல் கோட்டு, அதன்மேல் என் சந்தோஷம் என்று வேர்த்து ஒழுகிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மைதான வாசலில் பிளெக்ஸ். அதில் யானை அளவுக்கு நாராயணசாமி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு திலீப். அவனைக் குறை சொல்லவில்லை, நல்ல பையன். கீழே மட்டையோடு சுஷ்மிதா. தியான் சந்த் என்ற பெயருக்கு மேலே யாரோ ஒரு பழைய கிரிக்கெட் வீரர், கையில் பேட். மூலையில் தபால்தலை அளவுக்கு நான். அதுவும் காவ்யாவின் காதுகுத்தில் பந்தி பரிமாறியபோது எடுத்த படம், கையில் சாம்பார் கரண்டி! நம் குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தது யார் என்பதை உன் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். பிளெக்ஸ் அடித்தவனைக் கேட்டால், "வளஞ்சிக்கினு இருந்துச்சி, மட்டைன்னு நென்சேன்" என்கிறான்.

உள்ளே நுழைந்தால் வாலண்டியர் பிள்ளை ஒருத்தி, "ஆயா, பேத்தி ஆடறத பாக்க வந்துக்கீறயா? அந்தாண்ட நெழல்ல குந்து" என்று பந்தலைக் காட்டினாள். குந்தினேன். சுஷ்மிதா வந்து இறங்கினாள், மைதானமே எழுந்து ஓடியது. நானும் எழுந்தேன். ஒருத்தன் என் கையில் செல்போனைத் திணித்து, "சுஷ்மிதா கூட ஒரு போட்டோ எடுங்க ஆன்ட்டி" என்றான். அவனைப் பார்த்து இன்னொருத்தன், இன்னொருத்தி. வரிசையே நின்றுவிட்டது. எல்லோரையும் தலை இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். பிறகு மேடைக்கு அழைத்தார்கள். தெலுங்கில் அறிவித்த சலீம் என்பவர் சீட்டைப் பார்த்து, "ஆனாட்டி தாரா, ஸ்ரீமதி கனகாம்பரம் காரு!" என்று முழங்கினார். அந்த நாள் நட்சத்திரம் என்றது சரி. கனகாம்பரம் யார்? யாரும் எழுந்திருக்காததால் நானே எழுந்தேன்.

தம்பி, இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன், உன் முகத்துக்காக. அப்புறம் நாராயணசாமி பேசினார். "அந்தக் காலத்துல இவங்கல்லாம் எவ்ளோ நல்லா ஆடியிருப்பாங்க! ஆனா யாருக்குத் தெரியும்? பாவம், பேரு புகழு இல்லாமயே ஆடி முட்சிட்டாங்க. இன்னிக்கி பாருங்க, நம்ம சுஷ்மிதாவுக்கு இன்ஸ்டாவுல நாலு லட்சம் பேரு!" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கோட்டுக்கு மேல். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதுதான். மைக் என் கைக்கு எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"யாருய்யா பாவம்?" என்றேன். "இந்த ஊரு சினிமாக் கொட்டாயில எடைவேளைல எம்பேர ஸ்லைடு போட்டாங்க, தெரியுமா உனக்கு?" என்றேன். பொய்யா சொன்னேன்? அந்த ஸ்லைடைப் பார்ப்பதற்காகவே நைனா தினமும் அதே படத்துக்குத் தெருவையே கூட்டிக்கொண்டு போனார், ஸ்லைடு முடிந்ததும் எழுந்து வந்துவிடுவார், படத்தில் வில்லன் செத்தானா இல்லையா என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. 'ஹாக்கி கன்னிகா, சித்தூர்' என்று மட்டும் எழுதிய கார்டு வீடு தேடி வந்ததை நீயே படித்துக் காட்டவில்லையா? அதையெல்லாம் சொன்னேன். "உன் நாலு லட்சத்துல ஒருத்தன பஸ் ஸ்டாண்டுல காட்டு பாப்போம். நானும் வரேன். யாரை யாருக்குத் தெரியுதுன்னு பாத்துடலாம்" என்றேன். அதற்குப் பிறகுதான் பொன்னாடை, பேரல் முதலியவை. உன் வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது.

நான் இறங்கி விறுவிறுவென்று ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் சுஷ்மிதா, தோளில் மட்டைப் பையோடு. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "மேடம், பஸ் ஸ்டாண்டுக்குத் தானே? நானும் வரேன். எனக்கும் தெரிஞ்சிக்கணும்" என்றாள். நல்ல உயரம், கண்ணில் பயமே இல்லை. சரி வா என்றேன்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்தோம். "இந்தப் பொண்ணு யாருன்னு தெரியுதா?" என்று டீ மாஸ்டரைக் கேட்டேன். அவள் ஜெர்சியைப் பார்த்துவிட்டு, "ஸ்ரீசிட்டி கம்பெனில வேலையாமா? இந்த மாரி பனியன் போட்டுக்கினு தான் வண்டி ஏறுவாங்க" என்றார். "நான் யாரு?" என்றேன். கோட்டைப் பார்த்தார். "ரயில்ல டிக்கெட் செக்கிங்கா?" சரி, இந்தியாவுக்கு ஹாக்கி ஆடியவர்கள் யார் பெயராவது சொல்லுங்கள் என்றோம். "தியான் சந்த்" என்றார் உடனே. அப்புறம்? யோசித்தார். டோக்கியோவிலும் பாரிஸிலும் நம் பிள்ளைகள் வெண்கலம் வாங்கி வந்து எத்தனை நாளாகிவிட்டது! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "அப்புறம்... அவரு தான்மா" என்றார்.

சுஷ்மிதாவுக்குத் திருப்பதியில் ஹாஸ்டல். முடிவு தெரியாமல் விடக்கூடாது என்று நானும் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். எங்கள் பக்கம் பெண்களுக்கு இப்போது டிக்கெட் இலவசம், ஆதாரைக் காட்ட வேண்டும். கண்டக்டர் என் ஆதாரை வாங்கிப் பார்த்தவன், "கன்னிகா டீச்சர்!" என்று கத்தினான். நான் சுஷ்மிதாவை ஒரு பார்வை பார்த்தேன். "என்ன தெரியலயா டீச்சர்? கிரவுண்ட சுத்திச் சுத்தி ஓட வுட்டீங்களே, ட்ரில் பீரியட்ல!" "அதை விடு, நான் ஹாக்கி ஆடினது தெரியுமா?" என்றேன். "நீங்க ஹாக்கி ஆடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு டிக்கெட் இலவசம்தான், மட்டைப் பைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றான். இன்னும் நாலு சுற்று ஓடவிட்டிருக்க வேண்டும்.

பஸ்ஸில் அந்தப் பெண் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே வந்தாள். பாகாலா தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "மேடம், அந்த நாலு லட்சம் பேரும் நான் மட்டை மேல எலுமிச்சம்பழத்த ஆட வெக்கிறத பாக்கறவங்க. போன மாசம் ஜூனியர் மேட்ச்ல கடைசி நிமிஷத்துல கோல் போட்டேன். அந்த வீடியோவும் போட்டேன். முந்நூறு பேரு பாத்தாங்க. அதுல பாதி எங்க சொந்தக்காரங்க" என்றாள். என் காலத்தில் பெயர் தெரியும், முகம் தெரியாது. அவள் காலத்தில் முகம் தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை. கோட்டுப் பையிலிருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். தின்றுகொண்டே வந்தாள்.

திருப்பதியில் இறங்கி நிற்கிறோம், ஒரு கூட்டம் எங்களை நோக்கி ஓடி வருகிறது. நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு தாண்டிப் போய், பின்னால் காரில் வந்த ஒரு பையனைச் சூழ்ந்துகொண்டது. யார் என்று விசாரித்தேன். கிரிக்கெட்டாம். ஐபிஎல் ஏலத்துக்குப் பெயர் கொடுத்து, எந்த அணியும் எடுக்காமல் திரும்பி வந்தவனாம். எடுக்காதவனுக்கு அத்தனை கூட்டம்! நானும் சுஷ்மிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சொன்னது என்று ஞாபகமில்லை. சோடாக் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினோம். அவள் பையில் இரண்டு மட்டை இருந்தது.

தம்பி, கையில் மட்டை வந்ததும் உடம்பு வேறாகிவிட்டது. லெஃப்ட் அவுட் அல்லவா, இடது ஓரமாகவே கிளம்பினேன். லட்டுப் பைகள், மொட்டைத் தலைகள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிற பக்தர்கள், நடுவில் பழம் உருளுகிறது. அவள் எனக்குத் தள்ள, நான் அவளுக்குத் தள்ள, ஒரு போர்ட்டரை ஏமாற்றி, ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி வந்து, இரண்டு சூட்கேஸுக்கு நடுவே அடித்தேன் பார், கோல்! கிரிக்கெட் பையனைச் சூழ்ந்திருந்தவர்களே திரும்பிக் கை தட்டினார்கள். அந்தப் பையனும் தட்டினான், நல்ல பிள்ளை. அப்போதுதான் முழங்கால் கடக்கென்றது, விசிலும் கேட்டது. விசில் ஊதினால் நின்றுவிடுவது பழக்கம். நின்றேன். ஊதியது கான்ஸ்டபிள்.

"எவரம்மா மீரு, யாரும்மா நீங்க? பஸ் ஸ்டாண்டுல இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சுஷ்மிதாதான் முன்னால் வந்தாள். "இவங்க ஆந்திரா டீம் லெஃப்ட் அவுட் சார், கன்னிகா மேடம். நான் இவங்க டீமு" என்றாள். பெயரைச் சரியாகச் சொன்னாள், தம்பி. அன்றைக்கு முழுக்க அவள் ஒருத்திதான் சரியாகச் சொன்னாள். கான்ஸ்டபிள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "டீமா? ரெண்டு பேரு தானே இருக்கீங்க?"

"மிச்சப் பேரு வந்துக்கினு இருக்காங்க" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி சரி, ஓரமா போங்கம்மா" என்று விட்டுவிட்டார். இதுதான் நடந்தது. இப்போது சொல், நான் பாவமா? ஊரே மறந்தாலும் மறக்கட்டும், ஆடியது ஆடியதுதான். அதைப் பாவம் என்று சொல்லிப் போர்த்துகிற பொன்னாடை எனக்கு வேண்டாம். காவ்யா இரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை, அது ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் கேட்க மாட்டேன். நாராயணசாமி என் வாசலில் வந்து நின்றாலும் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது, இது நைனா மேல் ஆணை. கல்பனாவிடம் ஈரத்தில் நிற்க வேண்டாம் என்று சொல். காவ்யாவுக்கு என் முத்தங்கள், அவள் வாங்கிக்கொண்டால். உனக்கும் ஆசீர்வாதம், கோபத்தோடு.

இப்படிக்கு,
அக்கா கன்னிகா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் கார் நின்றது. நாராயணசாமியும் அவர் மனைவி மல்லிகாவும். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் காவ்யா முகம் ஞாபகம் வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். நைனா புரிந்துகொள்வார். நாராயணசாமி திருதிருவென்று விழித்து, "நான் தான்மா மன்னிப்பு கேக்க வந்தேன். பாவம்னு சொன்னதுக்கு மல்லிகா மூணு நாளா எங்கூடப் பேசறதில்ல" என்கிறார். அவசரப்பட்டுவிட்டேன். பந்து வருவதற்குள் கோல் பக்கம் ஓடி நிற்பதற்கு எங்கள் காலத்தில் ஆஃப்சைடு என்று பெயர், விசில் ஊதி ரத்து செய்துவிடுவார்கள். போனில் சுஷ்மிதாவிடம் சொன்னால், "ஆஃப்சைடா? அப்டின்னா இன்னா மேடம்?" என்கிறாள். அவள் பிறப்பதற்கு முன்பே அந்த விதியை எடுத்துவிட்டார்களாம். ஆகவே நான் கேட்ட மன்னிப்பை ரத்து செய்ய வழியில்லை. நீ மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடு.