கரையாத ஆறு

அரை மணி நேரமாக மெஷின் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தும், அந்த ஆறு வைட்டமின் மாத்திரைகளும் கண்ணாடிக் குழாய்களுக்குள் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. சோதனை செய்தவளின் வயிற்றில்தான் புளி கரைந்தது.

மாத்திரை கரையாவிட்டால் தயாரித்தது மொத்தமும் குப்பைக்குப் போகும். தயாரித்தவனோ அவளைக் கட்டிய கணவன். நாளைக்குத்தான் அவனுடைய பதவி உயர்வு முடிவாகிறது.

பழியை மெஷின் மேல் போட்டு, மாத்திரை வந்த அதே டப்பாவிலிருந்து இன்னும் ஆறை எடுத்துப் பக்கத்து மெஷினில் போட்டாள். அவையும் அசைந்து கொடுக்கவில்லை. வயிற்றில் சுரக்கும் அமிலம் போல ஒன்றைக் கலந்து அதில் ஊற வைத்தாள். மாத்திரைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவை போலப் பளபளத்தன.

வேறு வழியில்லாமல் கணவனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் லேப் வரைக்கும் வாங்க. உங்க மாத்திரை கரையல."

அவன் ஓடி வந்தான். அவன் ஓடுவதைப் பார்த்து மேனேஜரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"நேத்து போட்ட சண்டையை மனசுல வச்சுக்கிட்டுப் பண்றியா?" என்று கணவன் கிசுகிசுத்தான்.

"சண்டை வீட்டோட சரி. இங்க மெஷின் சொல்றதைத்தான் எழுதுவேன்."

"நீயும் கரைய மாட்டே, நீ தொட்ட மாத்திரையும் கரையாது."

"உங்க குடும்பக் கதை அப்புறம் இருக்கட்டும்பா," என்றார் மேனேஜர். "இதை ஜனங்க முழுங்கலாமா, கூடாதா?"

கணவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டப்பாவிலிருந்து நாலைந்தை அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"என் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு சார்."

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அறிக்கையில் 'தேறவில்லை' என்றுதான் எழுதப்போகிறாள். அதற்காகப் புருஷனைத் தனியாக நிற்கவிட முடியுமா? அவளும் இரண்டை எடுத்து விழுங்கினாள்.

"மெஷின் சொல்றது வேற சார். இவரு வேலையில ஏமாத்த மாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "கட்டினா இப்படிக் கட்டணும்ப்பா," என்று மூக்கை உறிஞ்சியபடி, தன் பங்குக்கு அவரும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

அப்போது விளம்பரப் பிரிவு உதவியாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"கண்காட்சிக்குப் பண்ணின பிளாஸ்டிக் மாத்திரை டப்பா இங்க மாறி வந்துருச்சாம் சார். ஒண்ணு குறையாம எண்ணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."