பல்லுக்குப் போட்ட கஞ்சி

அப்பா பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவர்கள் என்று யாராவது பட்டியல் எழுதினால், முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

எடப்பாடியில் எங்கள் வீட்டில் நான்கு கைத்தறி. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்தைந்து வயது. நூல் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் எலுமிச்சை சோடா குடிப்பேன், ஒரு நாளைக்கு நான்கு பாட்டிலாவது ஆகிவிடும். புளிப்பு பல்லைத் தின்றுவிடக் கூடாதே என்ற முன்யோசனையில், குடித்த கையோடு செங்கல் தூளைப் போட்டுப் பரபரவென்று தேய்ப்பேன். (என் அறிவைப் பற்றி எனக்கு அப்போது ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம்.) இரண்டே வருடத்தில் முன்பற்களின் நுனி தேய்ந்து, குளிர்ந்த காற்றுப் பட்டாலே கூசியது.

சேலத்துப் பல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "புளிப்புப் பட்டதும் பல்லோட மேல்பூச்சு இளகிப்போயிருக்கும். அந்த நேரத்துல செங்கல்லப் போட்டுத் தேச்சா என்ன மிஞ்சும்? சோடாவ நிறுத்துங்க. புளிப்பு எது தின்னாலும் வெறும் தண்ணில கொப்பளிங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாத் தேயுங்க."

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "தண்ணில கொப்பளிக்கறதுக்கு எதுக்குடா சேலம் வரைக்கும் பஸ் ஏறோணும்? இதெல்லாம் ஒரு வைத்தியமா?"

அதற்குள் பெண் பார்க்கும் நாள் வந்துவிட்டது. பெண் குமாரபாளையம். ஒரு கல்யாணத்தில் அவளை ஏற்கெனவே பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்திருந்தேன். சிக்கல் வேறு இடத்தில். எங்கள் சொந்தத்தில், பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எலுமிச்சை சர்பத் மட்டும் வரும். மாப்பிள்ளை அதை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தால் சம்மதம். பாதியில் வைத்தால் வேண்டாம் என்று அர்த்தம். பல் கூச்சம் என்று முன்கூட்டியே சொன்னால் சீக்காளி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அப்பா வழி கண்டுபிடித்தார். "தறியில நூலு ஏன்டா அறுந்து போறதில்ல? பாவு நூலுக்குக் கஞ்சி போடறோம். பல்லுக்கும் அதே ஞாயந்தான்."

மரவள்ளி மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, பாவுக்கு விடுவதுபோலவே இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு, மேல்வரிசை முழுக்க மூன்று பூச்சு பூசினார். ஒவ்வொன்றும் காயும்வரை மின்விசிறியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பி.யூ.சி. தேறியவன், ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை! இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. எச்சில் படக் கூடாதென்று குமாரபாளையம் வரை பஸ்ஸில் இளித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சர்பத்தை அவளே கொண்டுவந்தாள். ஐஸ் போட்ட சர்பத். முதல் வாய் சத்தியமாகக் கூசவில்லை. அப்பாவை நன்றியோடு பார்த்தேன். இரண்டாவது வாயில் கஞ்சி மொத்தமும் ஒரே வில்லையாகக் கழன்று, பல்பல்லாக அச்சுப் பதிந்தபடி டம்ளருக்குள் விழுந்து மிதந்தது. கண்ணாடி டம்ளர் வேறு. பயந்துபோய்க் கீழே வைத்துவிட்டேன்.

பெண்ணின் பெரியப்பா எழுந்தார். தறியை விட்டுவிட்டு மாட்டு வியாபாரத்துக்குப் போனவர். "அட சாமி! மாப்பளைக்குப் பல்லு செட்டுங்கோ!"

"இல்லீங்க, அது கஞ்சிங்க" என்றேன்.

"பல்லு கழண்டு உழுந்தா எவனாச்சும் கஞ்சிம்பானா?"

அனுமதி கேட்காமல் என் தாடையைப் பிடித்து, உதட்டைத் தூக்கி, ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். தானம் வந்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் டிக்கெட் எடுத்து வந்தவன்! அப்பாவாவது தடுத்தாரா? "இன்னுங் கொஞ்சம் எண்ண சேத்திருக்கோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பல்லு கெட்டியாத்தான் இருக்குது" என்று பெரியப்பா கையைத் துடைத்தார். "ஆனா டம்ளரக் கீழ வெச்சுட்டாரு. வேண்டாம்னுதான அர்த்தம்?"

வேண்டும் என்று கத்தத் தோன்றியது. தாடை வலியில் குரல் வரவில்லை.

"அவருக்குப் பல்லு கூசுதுங்க பெரியப்பா" என்றாள் அவள். "மாங்காயாத் தின்னு எனக்கும் அப்பிடித்தான். இருங்க, வெதுவெதுன்னு தண்ணி கொண்டாரேன்."

அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தாலி கட்டும்போது அவள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் குடித்து வைத்த டம்ளருக்குள் யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பார். விழுந்தது பல் இல்லை, கஞ்சி என்று இத்தனை வருடமாகக் கத்துகிறேன். கேட்பாரில்லை.

போன வருடம் மேல்வரிசைப் பற்களை எடுத்துவிட்டு நிஜமாகவே செட் வைத்தார்கள். முதல் நாள் அதைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி டம்ளரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க பெரியப்பா அன்னைக்கே சொன்னாரில்லீங்க?"