நிச்சயதார்த்தப் புடவையும் வெள்ளிக்கிழமை பாட்காஸ்ட்டும்

ஆரணி,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி, சந்தவாசல் உரக்கடை தனசேகரன் அவர்களுக்கு, ஆரணி பட்டு வியாபாரி சம்பந்தம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி தெய்வநாயகியும், தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற எங்கள் மகள் தேவிப்ரியாவும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை குமரேசனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும் என்று படவேட்டு ரேணுகாம்பாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் தடவை யூரியா ஸ்டாக் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். எனக்கு ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். என் வாய் இந்த விஷயத்தில் எனக்கு ஒத்துழைக்காது என்று அன்றே புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் பேசிய பாட்காஸ்ட் ஒன்று வெளியாகிறது. அதில் ஓர் இடத்தில் தங்களைப் பற்றிப் பேசிவிட்டேன். ஊர் கேட்பதற்கு முன்னால் அதை என் கையெழுத்தில் தாங்கள் அறிந்துகொள்வதுதான் முறை. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆவணி மாத நிச்சயதார்த்தத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

அன்று பந்தியில் தங்கள் பக்கத்துச் சென்னை உறவினர் ஒருவர் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன தொழில் என்று கேட்டார், பட்டு என்றேன். "ஆரணின்னா அரிசிதானே சார், பட்டு கூடவா?" என்றார். அவர் சாப்பிட்டது ஆரணி அரிசிதான் என்பதால் அவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். ஆனால் எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. முள்ளிப்பட்டில் இருபத்திரண்டு வீடுகளில் என் தறி ஓடுகிறது. அங்கிருந்து போகும் புடவைகளில் பாதி பெரிய ஊர்க் கடைகளில் வேறு பேர் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் வருஷம் முழுக்க வேலை கொடுக்க வேண்டுமானால் ஜனங்கள் நேராக எங்கள் வாசலுக்கு வரவேண்டும், வரவேண்டுமானால் எங்களைத் தெரிந்திருக்கவேண்டும். இலையை மடித்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

வழி சொன்னது தேவிப்ரியா. "பாட்காஸ்ட்னா ரெண்டு பேரு ஒக்காந்து பேசிகினே இருப்பாங்கப்பா. பஸ்ல போவசொல்ல, சமைக்கசொல்ல ஜனங்க அத காதுல மாட்டிகினு கேப்பாங்க. ஆளு மேல நம்பிக்கை வந்துச்சின்னா நம்ம கிட்ட வாங்குவாங்க" என்றாள். அழைக்கச் சொல்லி நாமேதான் அவர்களுக்கு எழுதவேண்டுமாம். நான் கடை லெட்டர்பேடில், 'பொருள்: தங்கள் பாட்காஸ்ட்டில் விருந்தினராக அழைக்கப்பட வேண்டுதல் தொடர்பாக' என்று ஆரம்பித்து, என் தாத்தா முதல் தறி போட்டதிலிருந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "நம்ம பெருமைய யாருப்பா கேட்டாங்க? கேக்கறவங்களுக்கு இன்னா பிரயோஜனம்னு எழுதணும்" என்று தாத்தாவை அடித்துவிட்டாள். கடைசியில் நின்றது மூன்று வரி. பட்டு எது, பட்டு மாதிரி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருவேன் என்பதுதான் அதன் சாரம். அந்த மூன்று வரி முப்பத்தொரு பாட்காஸ்ட்டுகளுக்குப் போனது.

இருபத்தெட்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் எனக்கு எத்தனை ஃபாலோயர்ஸ் என்று கேட்டார். முள்ளிப்பட்டு வீரன் இருபது வருஷமாக என்னிடம் நெய்கிறவன், நான் எங்கே போனாலும் கூடவே வருவான். ஒருவர் என்று எழுதச் சொன்னேன், தேவிப்ரியா எழுத மறுத்துவிட்டாள். இன்னொருவர் போனில் கூப்பிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், "சார், வாழ்க்கைல எப்போ நீங்க அறுந்து போன மாதிரி ஃபீல் பண்ணீங்க?" என்று கேட்டார். தினமும் அறும், முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுவோம் என்றேன். அவர் நூலைப் பற்றிக் கேட்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அது மனச்சோர்வு பற்றிய நிகழ்ச்சியாம். என்னிடம் போதுமான சோர்வு இல்லை என்று விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. வாரம் ஒரு முறை மீதிப் பேருக்கெல்லாம் மறுபடி அனுப்பவைத்தேன். ஆறாவது வாரம், சிற்றூர் வியாபாரிகளைப் பேட்டி எடுக்கிற தென்னரசு என்கிற பையன் ஒரு புதன்கிழமை வரச்சொல்லி நாள் கொடுத்தார்.

வீரனைக் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். ஆற்காடு தாண்டும்போது செய்தி வந்தது: வேறொரு பெரிய விருந்தினர் கிடைத்துவிட்டார், தங்களுக்கு வேறு நாள் தருகிறோம். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு டிபனைப் பிரித்தேன். சென்னையில் அந்த மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேமரா பார்க்கிற காவ்யா என்கிற பெண் கதவைத் திறந்தாள்.

"சார், உங்களுக்கு மெசேஜ் அனுப்பிச்சோமே."

"வந்துச்சும்மா. படிச்சேன்."

"அப்புறம்?"

"பஸ்ஸு திரும்பலயே."

படியிலேயே உட்கார்ந்துகொண்டோம். அந்தப் பெரிய விருந்தினர் நேரத்தை வீணாக்காமல் வாழ்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுப்பவராம். பதினொரு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரை மணி வரை வரவில்லை. தென்னரசு வெளியே வந்து எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். "உள்ள வாங்க சார்" என்றார்.

உள்ளே ஏசியை நிறுத்திவிட்டார்கள், சத்தம் வருகிறதாம். என் வேட்டியின் கஞ்சி மொடமொடப்பு மைக்கில் கேட்கிறது என்று அசையாமல் உட்காரச் சொன்னார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த பதினான்கு பக்கங்களைக் காகிதச் சத்தம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியர்வையைத் துடைத்தால் கேமராவில் தெரியும் என்றார்கள். "மொத முப்பது செகண்ட்ல ஆள இழுத்துப் பிடிக்கற மாதிரி ஒரு ஹூக் வேணும் சார்" என்றார் தென்னரசு. பூவேலைக்காகத் தறி மேல் மாட்டுகிற எங்கள் ஜக்கார்டில் இருநூற்று நாற்பது ஹூக் இருக்கிறது, போதுமா என்றேன். அவர் காவ்யாவுக்குக் கையைக் காட்டிக் கேமராவை ஓடவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நான் பாவு, ஊடை, ஜரிகை, சாயம் எல்லாம் சொன்னேன். காவ்யா இரண்டு முறை கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். வீரனே ஒரு முறை விட்டான். இத்தனை தூரம் வந்தும் முள்ளிப்பட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகப்போகிறதே என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்போதுதான் தென்னரசு, "பட்டு வியாபாரி நீங்க, உங்க சொந்தத்துலயே யாராவது ஏமாந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

சம்பந்தி, சொல்லிவிட்டேன்.

தட்டு மாற்றிய அன்று மேடையில் என் மடியில் இருந்த தட்டில், என் மகளுக்காகத் தங்கள் வீட்டார் கொண்டுவந்த அரக்குப் புடவை இருந்தது. நான் கவரைப் பிரித்து விரலால் தொட்டேன். தொட்டதும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் விரலை மட்டும் நம்பக்கூடாது என்று முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, தட்டை வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் அடுப்பில் காட்டினேன். அசல் பட்டு எரிந்தால் தலைமுடி கருகுகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது பிளாஸ்டிக் மாதிரி உருகிக் கறுப்பாக உருண்டை கட்டிக்கொண்டது. தேவிப்ரியா புடவை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்தபோது அவளை அந்தத் துணியில் பார்க்க மனம் வராமல் பாயசம் பரிமாறுவதைக் கவனிக்கப் போய்விட்டேன். இதுநாள் வரை வீட்டில்கூட ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அத்தனையையும் மைக்கில் சொன்னேன். காவ்யா கேமராவைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வீரன் வாலாஜா வரைக்கும் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தான். பிறகு, "இன்னா முதலாளி, சம்பந்தி பேர சொல்லிட்டீங்களே" என்றான். பேரையே சொல்லவில்லை என்றேன். "சந்தவாசல்னு சொன்னீங்க, உரக்கடைன்னு சொன்னீங்க. அங்க எத்தினி உரக்கடை கீது?" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் தென்னரசைக் கூப்பிட்டு அந்த இடத்தை வெட்ட முடியுமா என்று கேட்டேன். "சார், அத மட்டும்தான் வெச்சிருக்கோம்" என்றார். இரண்டு நாள் எனக்கு ஒரே பேஜார். பிறகு யோசித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், வெட்டச் சொல்லப் போவதில்லை. சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. போலியைக் கண்டும் சொந்தம் என்று மூடி வைத்தால் நான் ஊருக்கு என்னத்தைச் சொல்லித் தருவது? இதில் தங்கள் குற்றம் எள்ளளவும் இல்லை. உரத்தில் கலப்படம் என்றால் தாங்கள் முகர்ந்தே சொல்லிவிடுவீர்கள். பட்டு பழகாத வீட்டில் கடைக்காரன் சொன்னதை நம்புவது இயல்பு. எங்கள் வீடாக இருந்திருந்தால் அந்த மாதிரித் துணி வாசற்படியைத் தாண்டியிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். எந்தக் கடை என்று மட்டும் சொல்லுங்கள். நானும் வீரனும் தங்களோடு வந்து அந்தக் கடைப் படியில் உட்காருகிறோம். படியில் உட்காருவதில் எங்களுக்கு இப்போது நல்ல பழக்கம்.

கோபம் வந்தால் என்னிடம் காட்டுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். தைமாதக் கல்யாணத்தில் மட்டும் அதைக் காட்டவேண்டாம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை குமரேசனுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் கடை மூட்டைகளில் இந்த மழைக்கு ஈரம் ஏறாமல், விதைத்தவர்கள் எல்லாரும் அறுக்கும்படியாக அம்பாள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பொய் சொல்லத் தெரியாத தங்கள் சம்பந்தி,
ஆ. சம்பந்தம்.

பின்குறிப்பு: மேலே இருப்பதில் வணக்கத்தையும் ஆசியையும் தவிர வேறெதையும் தாங்கள் நம்பவேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் தெய்வநாயகி, "காலைலேர்ந்து இன்னா எழுதிகினு இருக்கீங்க?" என்று வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொத தடவ தட்டு மாத்துனது சரியா விழலன்னு போட்டோக்காரன் மறுபடி மாத்தறதுக்கு அவங்கவங்க தட்ட திருப்பிக் குடுக்கச் சொன்னானே, நெனப்பு இருக்குதா? நீங்க இழைய உருவினு எழுந்து போனது அப்போ. உங்க மடியில இருந்தது நம்ம தட்டு" என்றாள்.

நம் தட்டில் இருந்தது சம்பந்தியம்மாவுக்கு நாங்கள் வைத்த புடவை. வீரன் தறியில் அதற்காக ஏற்றியது அன்றைக்குள் இறங்கவில்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் ஆர்டருக்குப் போய்விட்டது. நீயே எப்படியாவது பார்த்துக்கொள் என்று நான்தான் சொன்னேனாம். அவள் வெளியூரில் ஆடித் தள்ளுபடியில் எடுத்து வந்திருக்கிறாள். அசல் ஆரணிப் பட்டு என்று அந்தக் கடைக்காரன் சத்தியம் செய்தானாம். பிறகு தேவிப்ரியாவின் பீரோவைத் திறந்து தாங்கள் கொடுத்த புடவையைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் அரக்குதான். முதல் தரமான பட்டு. நெசவைப் பார்த்தால் முள்ளிப்பட்டு.

இக்கடிதம் கொண்டுவரும் வீரன் கையில், தறியிலிருந்து இறங்கிய புடவையைச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். பழையதை அவரிடம் வாங்கி அவனிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை விளக்குப் பக்கம் அதைக் கட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று சொல்லுங்கள். தென்னரசிடமும் போனில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை போடுவதை நிறுத்தி, வியாழக்கிழமை மறுபடி வந்து முழுவதையும் சொல்லச் சொன்னார். ஏமாந்தது என் வீடுதான் என்று நானே சொல்லப் போகிறேன். தங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், காலை முதல் பஸ். கஞ்சி போடாத வேட்டியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்.