டாக்டர் வீட்டு மாடியைத் தொலைத்தேன்

என் மனைவியின் கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தியே தீருவது என்று ஒரு வியாழக்கிழமை தீர்மானித்தேன்.

அவள் வீடுகளுக்குப் பிளான் வரைகிறவள். நான் கிடங்கு மேற்பார்வையாளன். என் கிடங்கில் நாலாயிரம் சாமான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துத் தருவேன். அவள் கம்ப்யூட்டரிலோ 'புதுசு', 'புதுசு கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'இதுதான்', 'இது இல்லை' என்று ஃபோல்டர்கள். 'இது இல்லை'யை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால், "சில சமயம் அதுதான்" என்கிறாள். எனக்குச் சோறு இறங்குமா?

"நாளைக்கு எனக்கு லீவு. எல்லாத்தையும் அடுக்கி வெச்சுடறேன்" என்றேன்.

"வேண்டாம். தொடாதீங்க."

"ஃபைல், ஃபோல்டர் எல்லாம் காப்பி பண்றதுக்குன்னே ஒரு சாப்ட்வேர் போட்டிருக்கேன். தப்பாப் போனா அன்டூன்னு ஒரு பட்டன். அமுக்கினா எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு டாக்டர் வர்றார். அவர் வீட்டு பிளான் அதுலதான் இருக்கு. தொடாதீங்க."

"சரி, தொட மாட்டேன்."

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஏதோ வேலை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, அளவு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு யாருடைய மனையையோ அளக்கப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஆளுக்கு ஒரு ஃபோல்டர் என்பது என் திட்டம். முதலில் செருப்புக் கடைக்காரர் வீடு. உள்ளே இருந்ததை மொத்தமாகக் காப்பி செய்து, புதிதாகத் திறந்த ஃபோல்டரில் கொட்டினேன். அதாவது, புதிது என்று நான் நினைத்த ஃபோல்டரில். 'மாடி என்ற பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மேலே எழுதட்டுமா?' என்று கேட்டது. மாடி மேலேதானே இருக்கும், இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறதே என்று 'ஆம்' கொடுத்தேன்.

பிறகுதான் ஃபோல்டரின் பெயரைப் படித்தேன். டாக்டர் வீடு. டாக்டரின் மாடி போய், அந்த இடத்தில் செருப்புக் கடைக்காரரின் மாடி உட்கார்ந்திருந்தது.

பதறவில்லை. அன்டூவை அமுக்கினேன். செருப்புக் கடைக்காரர் மரியாதையாக வெளியேறினார். டாக்டர் திரும்பி வரவில்லை. தரைத்தளம் மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு படிக்கட்டு கிளம்பி, பதினெட்டுப் படி ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது.

மறுபடி அமுக்கினேன். பதினோரு தடவை அமுக்கினேன். விரல் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்.

"என்ன சார், காப்பி ஆச்சா?"

"ஆச்சு. ஆனதுதான் வினை."

"ஏன், சர்க்கரை தூக்கலா?"

"மாடி போச்சு."

அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்துக் காட்டினேன். முகவாயைத் தடவிக்கொண்டு பார்த்தார்.

"அன்டூ காப்பி பண்ணினதை எடுத்துடும் சார். அந்தக் காப்பி எதை அழிச்சுட்டு உட்கார்ந்துச்சோ, அதைக் கொண்டுவராது. எல்லா சாப்ட்வேரும் இப்படியில்லை. உங்களோடது இப்படி."

"இப்ப என்ன பண்றது?"

"வீட்ல அவங்க வர்றதுக்குள்ள நான் கிளம்பறதுதான் நல்லது" என்று கிளம்பிவிட்டார்.

மதியம் முழுவதும் நானே மாடி வரைந்து பார்த்தேன். கிடங்கு மாதிரி வந்தது.

நாலு மணிக்கு அவள் வந்தாள். பையை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கத்தவில்லை. தண்ணீர் குடித்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றாள்.

"வேறன்னா?"

"இன்னிக்கு எப்படியும் கோபப்படத்தான் போறேன். எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லிட்டீங்கன்னா ஒரே கோபத்துல முடிஞ்சுடும். தவணை தவணையா வேண்டாம்."

சில்லறையாக வாங்குவதைவிட மொத்தமாக வாங்குவது லாபம் என்பது கிடங்கில் நான் தினம் பார்க்கிற விஷயம். யோசித்தேன். நியாயமாகப் பட்டது.

"உன் அண்ணன் குடும்பத்தோட வந்தப்ப எனக்கு முதுகுவலி இல்லை."

"ம்."

"அந்தக் கண்ணாடி ஜாடியைப் பூனை உடைக்கலை."

"ம்."

"சனிக்கிழமை ஸ்டாக் எடுக்கப் போறேன்னு சொல்வேனே... அது பூங்காவுல செஸ்."

"எத்தனை சனிக்கிழமை?"

"ரெண்டு வருஷம்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றேன். மனசு லேசாகிவிட்டது. இத்தனை நல்லவளிடம் இத்தனை நாள் மறைத்தோமே என்றுகூடத் தோன்றியது.

அவள் கைப்பையைத் திறந்து, விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நேத்து நீங்க தொட மாட்டேன்னு சொன்ன உடனேயே எல்லாத்தையும் இதுல காப்பி எடுத்துட்டேன். டாக்டர் மாடி பத்திரமா இருக்கு."

பென் டிரைவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்போ... நான் இப்ப சொன்னதெல்லாம்?"

"அதுவும் பத்திரமா இருக்கு" என்றாள்.